உடும்புக்குக் கட்டிய தண்ணீர்த் தொட்டி

அண்ணா,

எமர்ஜென்சி எடுத்து, டெல்லியிலும் மெட்ராசிலும் ஒரே வருசத்தில் ஆட்சி மாறியதே, அந்த வருசத்து வாசனை இன்று காலையில் ஒரு டம்ளரில் ஆவி பறக்க என் முன்னால் வந்து நின்றது. எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதிலிருந்து மருமகள் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறாள். பூ தீர்ந்துபோய்விட்டது என்று நாட்டு மருந்துக் கடைக்காரன் பட்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறான். வாய்க்குக் கொண்டு போன டம்ளர் பாதியில் நின்றுவிட்டது.

"இன்னா மாமா, ரொம்ப கசக்குதா?" என்று மருமகள் கேட்டாள். குடித்தால்தானே கசப்பதற்கு. இந்தத் தண்ணீரில் முழங்கால் வரைக்கும் நின்று பாதி ஆயுசைக் கழித்தவன் நான் என்று சொல்ல வந்தேன். அதை விட்டுவிட்டு, ஒரு காகிதம் எடுத்துவா, ஒருத்தருக்கு எழுத வேண்டும் என்றேன்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்க மாமா, கை ஓட மாட்டேங்குது" என்கிறாள். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன மாசத்திலிருந்து நெஞ்சில் கிடக்கிறது. அதைச் சொல்வதற்கு அந்தத் தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அறியாத ஒன்று அதில் இருந்திருக்கிறது.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடுகிற தோல்ஷாப்பு. லைன் வீட்டில் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பட்டைத் தொட்டியில் இறங்குகிறவன். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிப் போடுவேன். நீ கடைசி ஷெட்டில் உடும்புத் தோலும் பாம்புத் தோலும் சீவுகிறவன். குனிந்தால் நிமிர மாட்டாய். கத்தி போன இடத்தில் தோல் வெற்றிலை மாதிரி வெளிச்சம் காட்டும். உனக்குப் பேச்சு கம்மி. உன் வீட்டில் பேச்சென்றால் அது அண்ணியின் பேச்சுதான். அண்ணி ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிடுகிற வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே குரல் முன்னால் வந்துவிடும்.

ஆட்சி மாறின வருசத்துக்கு முந்தின கோடையில் உன் பிள்ளை அந்தோணி போனான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகின வயது. பிள்ளைக்குக் குடிக்க எப்போதும் மேட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் கொண்டு வருவாய். அன்றைக்கு வேலை அலுப்பு, வெயில். ஷாப்புக்குப் பக்கத்துக் கிணற்றிலேயே ஒரு குடம் சேந்திக் கொண்டுவந்து வைத்துவிட்டாய். பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது, நிற்கவில்லை. "எந்தத் தண்ணி குடுத்தீங்க?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. நீயும் பேசவில்லை, அண்ணியும் பேசவில்லை. நான்தான், "லைன் வூட்டுத் தண்ணி சார்" என்று பொதுவாகச் சொன்னேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த பிறகு அண்ணி உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சோறு வடித்தார், உன் சட்டையைத் துவைத்தார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உன்னோடுதான் நடந்து போனார். பேச்சு மட்டும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவார்.

"ஏழுமல, அந்த மனுசன்கிட்ட கேளு, சோறு இப்பப் போடணுமா, அப்பறமான்னு."

நீ அங்கேயே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பாய். நான் உன் பக்கம் திரும்பி, "அண்ணா, சோறு இப்பவா, அப்பறமா?" என்பேன்.

"இப்பவே போடச் சொல்லு."

"இப்பவே போடச் சொல்றாரு அண்ணி."

"காதுல வுழுந்துச்சி."

காதில் விழுந்துவிட்டால் நான் எதற்கு அண்ணி என்று ஒரு நாள் கேட்டேன். "நீ வேணும்பா. நீ இல்லன்னா இந்த வூட்டுல சத்தமே இருக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உடும்புத் தோல் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று சட்டம் வந்து, உன் ஷெட்டைப் பூட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் மலைப்பக்கத்து ஆள் ஒருத்தன் கோணிப்பையோடு வந்தான். சட்டம் வந்த சேதி அவனுக்கு எட்டவில்லை. மேஸ்திரி சத்தம் போட்டதும் பையைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டினான். வெயிலில் வந்த உடும்புகள், எல்லாம் செத்திருந்தன. அடியில் கிடந்த ஒன்று மட்டும் நாக்கை நீட்டியது. முன்னங்கால் ரெண்டையும் முதுகுக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். நீ கத்தியை எடுத்துக்கொண்டு போனாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது நீ அறுத்திருந்தது கயிற்றைத்தான்.

"இன்னாண்ணா பண்ற?"

"வூட்டுக்கு எடுத்துனு போறேன்."

"துன்றதுக்கா?"

"வளக்கறதுக்கு."

ஷெட்டே சிரித்தது. "எத்தினி உடும்ப சீவின கை இது, இப்ப வளக்கப்போவுதாம்" என்றான் ஒருத்தன். "அதான்" என்றாய் நீ.

அண்ணி சுவரைத் தட்டினார். "ஏழுமல, அந்த மனுசன் பல்லிய எதுக்குத் தூக்கினு வந்துகீறாரு, கேளு."

"உடும்பு அண்ணி."

"எனுக்குப் பல்லிதான்."

பின்கட்டில் மூன்று பக்கம் சுவர் இருந்தது. நாலாவது பக்கத்துக்குக் கோழி வலை அடித்தோம். உள்ளே விட்டதும் அது வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு மூலையாகப் போய் நாக்கை நீட்டிப் பார்த்தது. தொட்டி தொட்டியாக நின்று குறை கண்டுபிடிக்கிற நம் மேஸ்திரியின் நடை அப்படியே. அன்றிலிருந்து அதற்கு மேஸ்திரி என்றே பேர். நிஜ மேஸ்திரிக்கு இது தெரிய வந்தபோது அவருக்கு வந்த கோபத்தை நினைத்தால் மருமகளிடம் சொல்லும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அது தண்ணீரில் கிடக்கிற ஜாதி. ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்தாய். அதிலேயே படுக்கும், அதிலேயே அசுத்தம் பண்ணும், அதையே குடிக்கும். நீ கொட்டிவிட்டு வேறு வைப்பாய். கொஞ்ச நேரத்தில் அதுவும் கலங்கிவிடும். மறுபடி கொட்டுவாய். சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய்ச் சட்டியை எட்டிப் பார்ப்பாய். இன்னாண்ணா இது, உடும்பு காட்டில் குட்டைத் தண்ணீர்தானே குடிக்கிறது என்றேன். நீ சட்டிக்குள் பார்த்தபடியே சொன்னாய்: "இதுக்காவது நல்ல தண்ணி குடுக்கணும் ஏழுமல."

அன்றைக்கு அதற்கு மேல் என் வாயில் வேடிக்கை வரவில்லை.

கொத்தனார் சாமிக்கண்ணுவை நான்தான் கூட்டி வந்தேன். ஷாப்பில் தொட்டி கட்டுகிறவன், வாயாடி. என்ன வேண்டும் என்று நீ ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாய். மேலே ஒரு தண்ணீர்ப் பானை, அடியில் ஓட்டை. அதற்குக் கீழே இன்னொரு பானை, அதில் கூழாங்கல், அடுப்புக்கரி, ஆற்று மணல். அதில் வடிகிற தண்ணீர் சரிவாகப் பதித்த கருங்கல் பலகையில் சொட்டி, வழிந்து, தொட்டியில் விழும். தொட்டி நிரம்பினால் ஓட்டுக் கால்வாய் வழியாகப் பக்கத்துக் குழிக்குப் போகும். குழியிலிருந்து வாளியில் மொண்டு மறுபடி மேல்பானைக்கு. ஷாப்பில் பட்டைத் தண்ணீர் தொட்டிக்குத் தொட்டி மாறுகிற அதே கணக்கு.

"அமிர்தி அருவியவே வூட்டுக்குக் கொண்டாந்துட்ட போ" என்றான் சாமிக்கண்ணு. "எனக்குக் குளிக்க எடம் வுடுவியா?"

"மேஸ்திரியக் கேளு" என்றாய். பல மாசத்துக்கு அப்புறம் உன் வாயிலிருந்து வந்த விளையாட்டுப் பேச்சு அது.

அண்ணி டூட்டி முடிந்து வந்து பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கூடையில் கழுவி வைத்த மணல், சல்லடையில் கரி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த மனுசன்கிட்ட சொல்லு. பல்லி குடிக்கிற தண்ணிக்கு மணல் வேற, கரி வேற. நல்லாக் கீது. இதெல்லாம் போன வருசம் தெரியல."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டாய். சாமிக்கண்ணு நீ விட்ட இடத்திலிருந்து பூச ஆரம்பித்தான்.

தொட்டி காய்ந்ததும் உனக்குச் சுண்ணாம்புப் பயம். தோல் வேலைக்காரனுக்கு சுண்ணாம்பென்றால் என்ன என்று தெரியும். மயிரைத் தின்னும், மேல்தோலைத் தின்னும், அசந்தால் நம் விரலையும் தின்னும். தண்ணீர் நிரப்பினாய், கொட்டினாய், மறுபடி நிரப்பினாய். ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாய். நாக்கு உறைக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மேஸ்திரியைத் தூக்கி உள்ளே விட்டாய். கருங்கல்லில் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குக் கீழே போய் அது தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. சொட்டு சொட்டாகக் குடித்தது. நீ குந்தி உட்கார்ந்து அதன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் மணல் அடைத்துக்கொண்டது. குழியிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. பக்கத்து வீடுகளில் முணுமுணுத்தார்கள். அண்ணி சொல்வதற்கு முன்னால் நாற்றத்தை எடுத்துவிட வேண்டும் என்று உனக்குப் பேஜார். யோசித்தோம். நாம் யோசித்தால் வேறு எங்கே போவோம்? ஷாப்புக்குத்தான் போவோம். அங்கே பட்டைச் சக்கை மலையாகக் குவிந்து கிடக்கிறது. தோலுக்குச் சாறு கொடுத்துத் தீர்ந்துபோன சக்கை. அடுப்பெரிக்கிறோம், சகதியில் கொட்டி நடக்கிறோம், புண்ணுக்குக்கூட ஆவாரம்பட்டைத் தண்ணீரில்தான் கழுவுகிறோம். எந்த நாற்றத்தையும் எடுத்துவிடும். அழுகப்போகிற தோலை அழுகாமல் காப்பாற்றுவதே பட்டைதானே. மணலை எடுத்துவிட்டுச் சக்கையை வெயிலில் காயவைத்து வடிபானையில் அமுக்கி நிரப்பினோம். நீயும் நானும்தான். ரெண்டு பேருக்கும் சந்தேகம் துளிகூட வரவில்லை.

நாற்றம் போயே போய்விட்டது. தண்ணீர் கலங்கலில்லாமல், இளஞ்சிவப்பாக வந்தது.

"இன்னாப்பா, மேஸ்திரிக்கு டீ போட்டுட்டியா?" என்றான் சாமிக்கண்ணு.

"சக்கர கம்மிதான்" என்றேன் நான். நீகூடச் சிரித்தாய்.

சுண்ணாம்புக்கு அவ்வளவு பயந்த நாம் பட்டைக்குப் பயப்படவே இல்லை. நம் வேலையில் கெடுப்பது சுண்ணாம்பு, காப்பது பட்டை. செத்த தோலுக்கு அது சரி.

முதலில் அது முட்டையைத் தொடவில்லை. வெயில் காரணம் என்றோம். அப்புறம் தோல் உரிக்கிற பருவம் வந்தது. உரிகிற தோல் உரியவில்லை. முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நின்றது. விரல்களைச் சுற்றி பழைய தோல் வளையம் வளையமாக இறுகி, நூல் கட்டிய மாதிரி, விரல் நுனி வீங்கிவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. தண்ணீர் சொட்டுகிற இடத்தை விட்டு விலகி மூலையில் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பூசை முடிந்து வந்தீர்கள். நீ சட்டையைக்கூடக் கழற்றாமல் வலையைத் தூக்கி உள்ளே போய் அதை மடியில் வைத்து அடிவயிற்றைத் தடவினாய். தடவின கை நின்றுவிட்டது. ரெண்டு விரலால் தோலைக் கிள்ளி, உருட்டி, விட்டுப் பார்த்தாய். ஷாப்பில் தோல் பக்குவம் பார்க்கிற மாதிரியே.

"ஏழுமல, இங்க வா. தொட்டுப் பாரு."

தொட்டேன். என் விரலுக்கும் தெரிந்துவிட்டது. நான் தினமும் தொடுகிற தோல் அது. தொட்டியில் போட்டுப் பத்துப் பதினைந்து நாளான தோல் அப்படித்தான் கையில் இழுபடும்.

"உசுரோட இருக்கும்போதே ஊற வெச்சிட்டோம்டா" என்றாய். உன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்ல தண்ணி குடுக்கறேன்னு வெச்சிட்டு, இதையும் நானே..."

அதை மடியில் வைத்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். பேச்சுக்கு வந்த சாமிக்கண்ணு, பற்றவைத்த பீடியை இழுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். இதற்குப் பிறகு நீ என்ன ஆவாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பிராணி செத்தால் நீயும் முடிந்தாய் என்றே நினைத்தேன்.

அண்ணி பின்வாசலுக்கு வந்தார். பூசைக்குக் கட்டிய வெள்ளைப் புடவை. கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"ஏழுமல, அடுப்புல தண்ணி வை. வெதுவெதுன்னு இருந்தா போதும். தேங்கெண்ண எடுத்தா. என் பையில கட்டுப் போடற காஸ் துணி கீது பாரு."

தண்ணீரைப் பேசினில் ஊற்றினேன். அண்ணி முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். தரையில் உட்கார்ந்து, அதன் பின்னங்காலை இழுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தார். அதுவரைக்கும் அவர் அதைத் தொட்டதில்லை. ஊறவிட்டு, எண்ணெய் தடவி, காஸ் துணியைச் சுண்டுவிரலில் சுற்றி, முதல் வளையத்தை ஓரத்திலிருந்து கிளப்பினார். உடும்பு திமிறியது. நகம் அவர் மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது.

"கெட்டியா புடிங்க" என்று நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உங்க புடி நழுவுது பாருங்க."

நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். சாமிக்கண்ணு என்னைப் பார்த்தான். நீ பிடியை இறுக்கினாய். வளையம் கழன்று வந்தது. கண்ணாடி மாதிரி ஒரு சின்ன மோதிரம். அதைத் தரையில் வைத்துவிட்டு அண்ணி அடுத்த விரலுக்குப் போனார். குனிந்த தலை குனிந்தபடியே சொன்னார்:

"அவனுக்கும் இப்டித்தான் கண்ணு உள்ள போயிருந்துச்சி."

"ஆமா" என்றாய்.

"அந்தோணிக்கு."

"ஆமா."

அந்தப் பேரை அந்த வீட்டில் நான் மறுபடி கேட்டது அப்போதுதான். அண்ணி வாயைத் திறந்தார், மேலே ஏதோ சொல்லப்போகிற மாதிரி. சொல்லவில்லை. அடுத்த வளையத்தைக் கிளப்பினார். பொழுது சாய்கிற வரைக்கும் நாலு காலும், வால் நுனியும், கண்ணோரமும். யாரும் சாப்பிடவில்லை. உன் கண்ணிலிருந்து வழிந்தது அந்த உடும்பின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன் என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

மறுநாளே வடிபானையை உடைத்துப் போட்டாய். தொட்டியைச் சுரண்டிக் கழுவி வெயிலில் போட்டோம். பாலாற்றில் ஆள் போகாத இடத்து மணலை எடுத்து வந்து, கழுவின தண்ணீர் தெளிவாகும்வரை கழுவினோம். ரெண்டு வடிபானை செய்து வைத்தாய், ஒன்று ஓடும்போது இன்னொன்றின் மணல் வெயிலில் காயும். அப்படி மாற்றி மாற்றி வைத்தால் அடைப்பதுமில்லை, நாறுவதுமில்லை. அண்ணி தன் பங்குக்கு ஒன்று செய்தார். தினமும் டூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதைத்தான் மேல்பானையில் ஊற்ற வேண்டும் என்பார். "உடும்புக்குப் போயி வெந்நீரா?" என்று லைனில் சிரித்தார்கள். அண்ணி பஸ் போய்விட்டாலும் அதை முடிக்காமல் கிளம்ப மாட்டார்.

மேஸ்திரி பிழைத்தது. அடுத்த தடவை தோலுரித்தபோது உள்ளே புதுச் செதில் மினுமினுத்தது. நீயும் அண்ணியும் பேச ஆரம்பித்தீர்கள். முதலில் அதன் முட்டை, அதன் தண்ணீர், பிறகு அரிசி பருப்பு. சுவரைத் தட்டுகிற சத்தம் குறைந்து, நின்றே போனது. என் வேலை போய்விட்டது என்று கேலி பேசினேன். "வேற வேல பாரு" என்றார் அண்ணி.

அந்தக் குடத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும் நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

பல வருசம் கழித்து, அது உன் கை நீளத்தையும் தாண்டி வளர்ந்து, வீட்டில் வைத்திருந்தால் ஃபாரஸ்ட்காரர்கள் பிடிப்பார்கள் என்று தெரிந்த பிறகு, ஈரக் கோணி சுற்றிய கூடையில் வைத்து பஸ்ஸில் அமிர்தி காட்டுக்குக் கொண்டு போனோம். ஓடைப் பக்கம் கூடையைச் சாய்த்தாய். அது வயிற்றைத் தூக்கிக்கொண்டு, நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே பாறைக்குள் போய்விட்டது. "போறதப் பாரு உங்க மேஸ்திரி, ஒரு வார்த்த சொல்லிக்காம" என்றார் அண்ணி. நீ வெகுநேரம் ஓடைத் தண்ணீரைப் பார்த்தாய். தெளிந்த தண்ணீர்.

உனக்கு நெஞ்சு கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். கடைசி நாள்களில் ஒரு மத்தியானம், அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"ஏழுமல, அவ என்ன மன்னிச்சிட்டாளா? கேட்டுச் சொல்றியா?"

கேட்கிறேன் அண்ணா என்று நான் எழுந்தபோது கையை விடவில்லை. "வேணாம். கேக்காத. அவ பேசிட்டா, அதுவே ஜாஸ்தி. ஆனா அந்தக் கொடத்த நான்தான் தூக்கினு வந்தேன்டா."

நீ சொன்ன வார்த்தையை மீறி நான் கேட்கவில்லை. உன்னைப் பெட்டியில் வைத்தபோது கையில் சிலுவையைக் கொடுத்திருந்தார்கள். ஷெட்டைப் பூட்டி அத்தனை வருசமாகியும் உன் உள்ளங்கை பட்டை நிறத்தில்தான் இருந்தது.

இனிமேல் நீ அறியாதது.

போன மாசம் பள்ளிகொண்டாவுக்குப் போனேன். அண்ணி அங்கேதான் தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை, பேச்சு அதே பேச்சுதான். "இன்னாடா ஏழுமல, கெழவனாயிட்டியாமே" என்றார். சாமிக்கண்ணு செத்துப்போனான் என்ற சேதியைச் சொன்னேன். உச்சு கொட்டினார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அந்தக் கெணத்துத் தண்ணி ஏழுமல. பக்கத்துக் கெணத்துதுன்னு எனக்குத் தெரியும். கொடத்துல மொண்டப்பவே வாசன வந்துச்சி. கொதிக்க வெச்சிக் குடுக்கணும்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில தெனம் சொல்றதுதானே. பஸ்ஸுக்கு நேரமாயிச்சி. கொழந்த அழுவுது. அப்டியே டம்ளர்ல ஊத்திப் பொகட்டிட்டு ஓடிட்டேன்."

நான் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கொண்டாந்தது அவரு. குடுத்தது நானு. அவரு மூஞ்சியப் பாத்து எப்டி பேசுவேன்? பேச ஆரம்பிச்சா இதத்தானே சொல்லணும். ஊரு நான் அவரு மேல கோவம்னு நெனச்சிச்சி. அவரும் அப்டித்தான் நெனச்சாரு. வுட்டுட்டேன்."

"அண்ணி..."

"அந்த உடும்பு கால புடிச்சினு ஒக்காந்திருந்தனே, அன்னிக்கி வாய் வரிக்கும் வந்துச்சி. சொல்லிடலாம்னுதான் அவன் கண்ணப் பத்தி ஆரம்பிச்சேன். அவரு ஆமான்னாரு. அந்தக் கொரலு கேட்டதும் எனக்குத் தைரியம் போய்டுச்சி. அதுக்கப்பறம் வரவே இல்ல."

அண்ணா, இதுதான் சொல்ல வந்தது. நீ கேட்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்றாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உன்னை மன்னிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. நீ ஒரு சுவர் ஓரத்திலும் அவர் ஒரு சுவர் ஓரத்திலும் ஒரே பிள்ளைக்காக, நான்தான், நான்தான் என்று தனித்தனியே தேய்ந்திருக்கிறீர்கள். உன் வாயால் ஒன்று கேட்டேன், அவர் வாயால் ஒன்று கேட்டேன். ரெண்டையும் கேட்டவன் நான் ஒருத்தன்தான். ரெண்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. இறக்கி வைக்க வேறு இடம் தெரியாமல் உனக்கு எழுதச் சொன்னேன்.

மருமகள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். அந்தத் தொட்டியைச் சுற்றி அன்றைக்கு இருந்தவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள் மாமா என்று கேட்கிறாள். நீ போய் எவ்வளவோ காலமாயிற்று. சாமிக்கண்ணுவும் போய்விட்டான். மேஸ்திரி எந்தப் பாறை இடுக்கில் கிடந்து முடிந்ததோ. என்னைக் கணக்கில் சேர்க்காதே, நான் பாதி அந்தப் பக்கம் வந்துவிட்டவன். இருப்பது ஒருத்தர்தான். பேர் என்ன என்று கேட்கிறாள். அண்ணி என்றே கூப்பிட்டுவிட்டேன், என் வாயால் அந்தப் பேரை நான் சொன்னதே இல்லை. எழுதிக்கொள் அம்மா.

ரோசம்மா.